சர்பத் வண்டியும் சர்டிபிகேட் படிப்பும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை மாணவர்)

கோடை என்றதும் உங்களில் பலருக்கு ஊட்டியும் கொடைக்கானலும் ஞாபகத்துக்கு வரலாம். சிலருக்கு அரியர் பேப்பர் ஞாபகத்துக்கு வரலாம்! எனக்கு வருவது சாக்குக்குள் சுற்றிய 25 கிலோ ஐஸ் பார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த ஐஸ் குளிர்ச்சியில்தான்.

அப்பாவுக்குச் சாத்தூரில் சர்பத் வண்டி. நன்னாரி சர்பத், எலுமிச்சை, தர்பூசணிச் சாறு, ஆடி வரை நுங்கு. அப்பா நாலாம் வகுப்பு, அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புக்கு மேல் போன முதல் ஆள் நான். அதனாலேயே "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்கும் முதல் ஆள் நானே.

போன வருடம் சித்திரையில் வியாபாரம் படுத்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் எல்லாம் பிரிட்ஜ் வந்துவிட்டது. பாட்டிலில் அடைத்த குளிர்பானம் ராத்திரி வரை ஜில்லென்று கிடைக்கிறது. நம் வண்டியிலோ சாயங்காலம் நாலு மணிக்கே ஐஸ் தீர்ந்துவிடும். ஐஸ் இல்லாத சர்பத்தை யார் குடிப்பார்கள்? மில் விட்டு ஜனம் பஸ் ஏறுகிற நேரத்தில் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்புவார். ஒருநாள் சாப்பிடும்போது, "வண்டிய வித்துட்டு எங்கயாச்சும் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த செமஸ்டர் பீஸ் அந்த வண்டியில்தான் இருக்கிறது என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

மறுநாள் வண்டிக்கு அடியில் ஒரு வாளியை வைத்தேன். சாக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீரையெல்லாம் பிடித்து லிட்டர் படியால் அளந்தேன். 11 லிட்டர்! 25 கிலோ பாரில் 11 கிலோ யாருடைய டம்ளருக்கும் போகாமல் ரோட்டுக்குப் போயிருக்கிறது. "ஏலே, தண்ணிய அளந்து என்ன செய்யப் போற?" என்று அப்பா சிரித்தார்.

வெப்பவியல் வகுப்பில் நாம் எல்லோரும் படித்த கணக்குதான் நண்பர்களே. ஒரு கிலோ ஐஸ் கரைய 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பழைய கணக்கில் சொன்னால் 80 கிலோ கலோரி. அந்த வெப்பம் வெளியிலிருந்துதான் வருகிறது. வருகிற வழியை அடைத்தால் ஐஸ் நிற்கும். அரை மீட்டர் நீளம், அகலம், உயரத்தில் ஒரு பிளைவுட் பெட்டி. உள்ளே ஆறு பக்கமும் 5 செ.மீ. கனத்துக்குத் தெர்மோகோல். தெர்மோகோலின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.035. வெளியே 38 டிகிரி, உள்ளே 0 டிகிரி. போட்டுப் பார்த்தால் உள்ளே நுழையும் வெப்பம் 40 வாட், அதாவது ஒரு குண்டு பல்பு அளவு! 8 மணி நேரத்துக்குச் சுமார் மூன்றரை கிலோ ஐஸ்தான் கரைய வேண்டும்.

நிஜத்தில் 5 லிட்டர் தண்ணீர் வடிந்தது. வியாபாரம் என்றால் மூடியைத் திறந்து திறந்து மூடத்தானே வேண்டும்! ஆனாலும் தினம் 6 கிலோ மிச்சம். ராத்திரி எட்டு மணிக்கும் பெட்டியில் ஐஸ் இருந்தது. பெட்டிக்கு ஆன செலவு பத்தே நாளில் திரும்பி வந்தது. வண்டி விற்கும் பேச்சு அதோடு நின்றது. அப்பா என்னைப் பாராட்டவெல்லாம் இல்லை. பெட்டிக்கு மட்டும் பொங்கலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் குளங்களில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி 1833-இல் கல்கத்தாவுக்கே கொண்டுவந்திருக்கிறார் பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. பல மாதக் கடல் பயணம்! சென்னைக் கடற்கரையில் அவருடைய ஐஸைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். மரத்தூள் செய்த வேலையைத்தான் என் தெர்மோகோல் செய்கிறது.

அடுத்து அம்மாவின் முறை. மாம்பழ ஐஸ் செய்து விற்றால் என்ன என்றார். பிரிட்ஜ் இல்லையே? இருக்கவே இருக்கிறது கல் உப்பு. மூன்று பங்கு ஐஸ் தூளுக்கு ஒரு பங்கு உப்பு என்று வாளியில் கலந்தேன். "யய்யா, உப்பு போட்டா ஐஸ் கரையத்தான செய்யும்? எப்படி உறையும்?" என்றார் அம்மா. எங்கள் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி! உப்பு சேர்ந்ததும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயே கரையத் தொடங்கும். கரைய வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் டம்ளரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அது கரையக் கரைய இது உறையும். மைனஸ் 21 டிகிரி வரைகூட இந்தக் கலவை இறங்கும். "அப்ப ஒண்ணு கரஞ்சாத்தான் இன்னொண்ணு உறையும்னு சொல்லு" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை. அவர் ஐஸை மட்டும் சொன்னதாகத் தெரியவில்லை.

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். நல்ல சப்பட்டை மாம்பழக் கூழ் இரண்டு டம்ளர், சுண்டக் காய்ச்சி ஆற வைத்த பால் ஒரு டம்ளர், சர்க்கரை நாலு கரண்டி. சர்க்கரை கூடினால் சீக்கிரம் உறையாது, கொழகொழவென்று நிற்கும். அதற்கும் காரணம் உப்புக்குச் சொன்னதேதான். சில்வர் டம்ளரில் முக்கால் பங்கு ஊற்றி, குச்சி செருகி, உப்பு ஐஸுக்குள் புதைத்துச் சாக்கால் மூடுங்கள். உப்புத் தண்ணீர் டம்ளருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் மாம்பழ ஐஸ் ரெடி.

காக்டெயில் வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. உடனே கண்கள் மின்ன வேண்டாம், நான் சொல்வது பழரசக் கலவை! தர்பூசணிச் சாற்றில் எலுமிச்சை பாதி மூடி, புதினா நாலு இலை, உப்பு ஒரு சிட்டிகை. அப்புறம் ஒன்று: மீனுக்கு வைக்கிற பாளத்தை உடைத்துக் குடிக்கும் டம்ளரில் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் உறைந்த ஐஸா என்று கேட்டு வாங்குங்கள்.

நண்பர்களே! "இந்தச் சமன்பாடு எதற்கு?" என்று நாம் கடைசி பெஞ்சில் முணுமுணுக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு தறி இருக்கும், ஒரு பம்ப்செட் இருக்கும், ஒரு தையல் மிஷின் இருக்கும். ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்காருங்கள். வாளியில் எவ்வளவு வீணாகச் சொட்டுகிறது என்று அளந்து பாருங்கள். சாத்தூர் பக்கம் வந்தால் சொல்லுங்கள், முதல் சர்பத் என் கணக்கில். இரண்டாவதற்கு அப்பா காசு கேட்பார்!