கல்லச்சில் பழகிய கைகள்

கிரேக்கப் புராணத்தைக் குழந்தைகளுக்கான படநூலாக ஆக்குவதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று கதையைக் கோப்பது, மற்றது படத்தை அச்சுக்கு ஏற்ப வரைவது. இரண்டையும் சேர்ந்தே செய்தவர்கள் இங்ரி, எட்கர் பாரின் டோலேர் தம்பதி. இங்ரி 1904இல் நார்வேயிலும், எட்கர் 1898இல் மியூனிக்கிலும் பிறந்தவர்கள். 1925இல் மணந்து, பின் அமெரிக்காவில் குடியேறினர். இவர்களது கிரேக்கப் புராண நூல் 1962இல் வெளிவந்தது.

இவர்கள் கை பழகியது கல்லச்சில். மியூனிக்கில் 1790களில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த முறை அது. பவேரியச் சுண்ணாம்புக்கல்லை மணலும் நீரும் விட்டுத் தேய்த்து மட்டமாக்குவார்கள். கொழுப்புச் சேர்ந்த கிரேயானால் அதன்மேல் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். பிசின் கரைசலில் சிறிது அமிலம் கலந்து பூசியபின், வரையாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் மையை வாங்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல் வேண்டும். கோடு பிசகினால் திருத்துவது கடினம். 1940இல் படநூலுக்கான கால்டிகாட் பதக்கம் பெற்ற இவர்களது ஆபிரகாம் லிங்கன் நூல் இப்படிக் கல்லில் வரைந்ததுதான். அதன் படங்களில் தெரியும் மெல்லிய பொடித்தன்மை கல்லின் மேற்பரப்பு தந்தது.

கல் செலவு பிடித்த முறை. அதனால் பிற்காலத்தில் இவர்கள் ஒளி ஊடுருவும் அசிடேட் தாளுக்கு மாற நேர்ந்தது. அக்காலத்தில் வண்ணங்களைக் கேமராவால் பிரிக்கப் பணம் அதிகம் ஆகும். ஓவியரே ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனித் தாளில் வரைந்து தந்தால் பதிப்பகத்துக்கு அந்தப் பணம் மிச்சம். அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தவை ஓவியரின் கண்ணும் முதுகும். குழந்தை நூல் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது நியாயம். அதற்கான சுமை முழுவதையும் வரைபவர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. 

கதை கோப்பதில் இவர்கள் வம்ச வரிசையைப் பிடித்தார்கள். முதலில் பூமித்தாய் கையா, பின் டைட்டன்கள், ஜூஸும் அவர் குடும்பமும், சிறு தெய்வங்கள், கடைசியில் மனிதருக்குப் பிறந்த வீரர்கள். இந்த வரிசையால் நூறு பெயர்களும் குழந்தைக்கு உறவு முறையாகவே நினைவில் நிற்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் ஹாதோர்ன் தம் சிறுவர் நூலில், தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ் கதையை உருக்கமாக்க, ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லாத ஒரு மகளைச் சேர்த்தார். டோலேர் தம்பதியோ பழைய கதையின் கடுமையைக் கழிக்கவில்லை. ஜூஸின் தந்தை குரோனஸ் தன் பிள்ளைகளை விழுங்குகிறான். தாய் ரேயா துணியில் சுற்றிய கல்லைக் கொடுத்து ஜூஸைக் காப்பாற்றுகிறாள். கதையில் பயம் இருக்கிறது, தாயின் சமயோசிதமும் கூடவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அது புராணம்.

குழந்தைக்கென்று கதையின் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. அதைத் தாங்கும் படம் வேண்டும். 1962இல் வந்த அந்த நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.