அப்பாவின் கோப்பில் தோட்டம் இல்லை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் என் பிழைப்பு. கடைகளின் இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, தமிழெல்லாம் கோழி கிறுக்குன மாதிரி வருது" என்று யாராவது வாரம் ஒருமுறை கூப்பிடுவார்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இவை இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால் நோய் என்னவென்று பார்த்ததுமே தெரிந்துவிடும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். உலாவி அந்த மூன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படித்திருக்கும். இதற்கென்றே புக்மார்க்கில் முகவரிக்குப் பதிலாக ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அழுத்தினால், பக்கத்தை உலாவி எந்தக் குறியீட்டில் படிக்கிறது என்று சொல்லிவிடும். இப்படிச் சின்னச் சின்ன நிரல்கள் என்னிடம் முப்பதாவது இருக்கும். சமையலறையில் தேங்காய்த் துருவி மாதிரி. தேவைப்படும் அன்றைக்குத்தான் அருமை தெரியும்.

போன வருடம் கிள்ளானுக்குப் போனபோது அம்மா ஒரு சிடியைக் கையில் கொடுத்தார். "அப்பா எழுதுனது. திவசத்துக்குள்ள எனக்குப் படிக்கணும்டா."

அப்பா வேலை ஓய்வுக்குப் பிறகு, 2002-இல், முரசு அஞ்சலில் தட்டச்சு செய்த தோட்டத்து நினைவுகள் அவை. 1985-இல் முத்து நெடுமாறன் இங்கே மலேசியாவில் உருவாக்கிய அதே செயலிதான். அப்பா திஸ்கி குறியீட்டில் சேமித்திருந்தார். சிடி போட என் மடிக்கணினியில் இடமில்லை. பக்கத்து அலுவலகத்தில் இரவல் வாங்கினேன். கோப்பைத் திறந்தால் மறுபடியும் கிறுக்கல்.

திஸ்கியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும். 'தே' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு 'த'. யூனிகோடில் 'த' முன்னால், கொம்பு பின்னால். ஆகவே ஓர் அட்டவணை, இடம் மாற்ற ஒரு விதி என்று 17 வரியில் பைத்தானில் எழுதினேன். தமிழ் வந்துவிட்டது. நாற்பது பக்கம். கோமுட்டரில் கிள்ளானுக்குப் போகும் வழியிலேயே படிக்க ஆரம்பித்தேன்.

'தோட்டம்' என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

வாழ்நாளில் பாதியை ரப்பர் தோட்டத்தில் கழித்த மனிதர், நாற்பது பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதாமலா இருப்பார்? திரையில் கண்ணெதிரே வரிக்கு வரி இருக்கிறது. தேடினால் மட்டும் இல்லை. ஷா ஆலம் தாண்டும்போதுதான் உறைத்தது. கொம்பை இடம் மாற்றிய என் நிரல், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே 'ஓ'காரக் குறியாக ஆக்கவில்லை. கொம்பு தனி, கால் தனி. என் கண் ஏமாந்தது, கணினி ஏமாறவில்லை. இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். மறுபடி தேடினால் 112 இடங்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். லினக்ஸ் கணினிகளில் 'ஐகான்வ்' என்ற கட்டளைக்குத் திஸ்கி ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று இரவு வேலை, ஒரே வரியில் முடிந்திருக்கும்.

'பிரட்டு' என்பதை அப்பா எங்கும் 'பெரட்டு' என்றே எழுதியிருந்தார். திருத்த ஒரு வரி போதும். போடவில்லை, அவர் அப்படித்தான் சொல்வார்.

பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். பதினோராம் பக்கத்தில் நிறுத்தினார்.

"நான் எங்கடா மங்கு கழுவுனேன்? அது இவரு தங்கச்சி. ஆளு மாத்தி எழுதி வச்சிருக்காரு பாரு. நீ கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடு."

சரிம்மா என்றேன். இன்னும் பண்ணவில்லை.