அட்டை போனது, டிரைவர் போகவில்லை

மடிக்கணினியிலிருந்து ஓர் அட்டையைக் கழற்ற இரண்டு விநாடி போதும். அந்த அட்டைக்காக உள்ளே ஏற்றிய டிரைவர் மென்பொருளை ஒழுங்காக நீக்க இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அப்படி இரண்டாவது வேலை ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அட்டையைப் பிடுங்கினோம், மேசை இழுப்பறையில் போட்டோம், முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். கணினியைப் பொறுத்தவரை அது முடியவில்லை.

நான் பிறையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே சில இயந்திரங்களுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அவற்றோடு பேசத் தெரிந்த மடிக்கணினிகளும் ஏறக்குறைய அதே காலத்தவை. இரண்டையும் ஓட வைத்திருப்பது எங்கள் வேலையில் ஒரு பெரிய பங்கு. அதனால் சொந்தக்காரர்கள் வீட்டிலோ கடையிலோ கணினி முரண்டு பிடித்தால் என் கைப்பேசிதான் முதலில் அலறும்.

டிரைவர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. பாட்டியை அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறோம். பாட்டிக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் வரும். விண்ணப்பப் பாரம் நிரப்பும் அளவுக்கு வராது. முகப்பில் இருக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் பேரன் நின்று இருவருக்கும் எடுத்துச் சொல்கிறான். பேரன் வராவிட்டால் பாட்டியும் நன்றாகத்தான் இருப்பார், அதிகாரியும் நன்றாகத்தான் இருப்பார். வேலை மட்டும் நடக்காது. அட்டைதான் பாட்டி. விண்டோஸ் அதிகாரி. டிரைவர் பேரன்.

ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் பேரன் முகப்போடு நிற்பதில்லை. அலுவலகத்தின் பெட்டக அறைக்குள்ளேயே அவனை விடுகிறார்கள். பெரும்பாலான வன்பொருள் டிரைவர்கள் கெர்னல் எனப்படும் விண்டோஸின் மையப் பகுதிக்குள் ஓடுகின்றன. சாதாரணச் செயலி தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் தவறு செய்தால் மொத்தக் கணினியும் நீலத் திரையோடு நின்றுவிடும். இதனால்தான் விஸ்டா காலத்திலிருந்து 64 பிட் விண்டோஸ், மின்னணுக் கையொப்பம் இல்லாத கெர்னல் டிரைவரை உள்ளே விடுவதில்லை.

2024 ஜூலை 19 பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றைப் படிக்கப்போய், கெர்னலுக்குள் இருந்த அதன் டிரைவர் தடுக்கி விழுந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டில் ஏர் ஏசியா பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்ய வேண்டி வந்தது. பல கணினிகளுக்குத் தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பைத் தேடி நீக்க வேண்டும். எதை எங்கிருந்து நீக்குவது என்று தெரிந்த ஆட்களுக்கு அன்று உலகம் முழுக்கத் தேவை இருந்தது.

அவ்வளவு பெரிய விபத்து நம் கடைகளுக்கு வராது. சின்ன அளவில் வரும். பாகான் டாலாமில் என் மாமாவின் கடைக்கு வந்தது.

மாமா ஸ்டிக்கர் வெட்டுபவர். வண்டி எண், கடைப் பெயர், கோயில் திருவிழாப் பதாகைக்கு எழுத்து, எல்லாம் செய்வார். ஸ்டிக்கர் வெட்டும் மிஷினை 2004இல் வாங்கினார். அதற்குக் கணினியோடு பேச ஒரே வழி, ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட். 1960இல் பிறந்த ஆர்.எஸ். 232 என்ற தரத்தின் வழிவந்தது அது. மாமாவின் மடிக்கணினியில் அந்தப் போர்ட் கிடையாது. பக்கவாட்டு ஸ்லாட்டில் ஓர் எக்ஸ்பிரஸ் அட்டையைச் செருகி, அதிலிருந்து கேபிள் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஸ்லாட்டை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். 1989இல் பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்ற சங்கம் அமைந்து, மடிக்கணினிக்கான அட்டைகளுக்கு ஒரே அளவு வகுத்தது. 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம். ஏறக்குறைய வங்கி அட்டையின் அளவு. மோடம், நெட்வொர்க், சீரியல் போர்ட் எது வேண்டுமோ அந்த அட்டையை வாங்கிச் செருகலாம். 2003இல் அதன் வாரிசாக எக்ஸ்பிரஸ் அட்டை வந்தது. அதில் 34 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வகையும் உண்டு. யு.எஸ்.பி. எங்கும் பரவியதும் ஸ்லாட் மறைந்தது. ஸ்லாட் மறைந்தாலும் அதை நம்பி வாங்கிய இயந்திரங்கள் மறையவில்லை.

தைப்பூசத்துக்கு 16 நாள் இருக்கும்போது மாமா அழைத்தார். தண்ணீர்ப் பந்தல்களுக்கான பெயர்ப் பலகை வேலை குவிந்து கிடந்தது.

"மிஷின்ல கோளாறு இல்லடா. அதுல இருக்கிற பட்டனத் தட்டுனா பிளேடு நல்லா நகருது. கம்ப்யூட்டர் சொன்னா மட்டும் கேக்க மாட்டேங்குது."

"அட்டைய மாத்துனீங்களா மாமா?"

"ஆமா, போன வாரம். பழசு வளைஞ்சு போச்சு. அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டேன். கூட வந்த சிடியையும் போட்டேன். ஆனா கடைக்காரன் பாத்துட்டு, இது பழசு, மிஷினையே மாத்திருங்கன்னு சொல்றான். நாலாயிரம் வெள்ளியாம்."

நாலாயிரம் வெள்ளி என்பது அந்தச் சின்னக் கடைக்கு மூன்று மாத வாடகை. கொடுத்தாலும் புது மிஷின் தைப்பூசத்துக்குள் வந்து சேரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் புது அட்டை அங்கே அழகாக உட்கார்ந்திருந்தது. மஞ்சள் எச்சரிக்கைக் குறி இல்லை. டிரைவர் சரியாகவே ஏறியிருந்தது. ஆனால் விண்டோஸ் அதற்குக் கொடுத்திருந்த எண் காம் 12. மாமாவின் ஸ்டிக்கர் வெட்டும் மென்பொருள் பழையது. அதன் பட்டியலில் காம் 1 முதல் 4 வரைதான் உண்டு. பன்னிரண்டாவது வாசலில் ஆள் காத்திருக்க, முதல் நான்கு வாசலில் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடையில் இருந்த எண்கள் எங்கே போயின? கழற்றிப்போட்ட சாதனங்களிடம் இருந்தன. விண்டோஸ் ஒரு காம் எண்ணை ஒரு சாதனத்துக்குக் கொடுத்தால், அந்தச் சாதனத்தைப் பிடுங்கிவிட்டாலும் எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கும், நாளை திரும்பி வரலாம் என்று. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரர் பெயரிலேயே மின்கட்டண பில் வந்துகொண்டிருக்கும் அல்லவா, அதுபோல.

இந்தப் பழைய வாடகைக்காரர்களைப் பார்க்க டிவைஸ் மேனேஜரின் வியூ பட்டியலில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' என்பதைத் தட்ட வேண்டும். மாமாவிடம் இருந்தது விண்டோஸ் 7. அதில் இதற்கு முன்னால் சிஸ்டம் அமைப்பில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 8க்குப் பிறகு அது தேவையில்லை. தட்டியதும் மங்கிய நிறத்தில் ஒன்பது போர்ட்டுகள் வரிசையாக வந்தன. வளைந்துபோன பழைய அட்டை ஒன்று. எப்போதோ வைத்திருந்த 3ஜி இணையக் குச்சி மூன்று எண்களைப் பிடித்திருந்தது. புளூடூத் குச்சி நான்கு. மாமா மகனின் பழைய கைப்பேசிக் கேபிள் ஒன்று. 3 முதல் 11 வரை வீடு நிறைந்திருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை.

நீக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்: எந்தச் சாதனம், எந்த எண், எந்த டிரைவர். ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்று உருவாக்கினேன். மாமாவின் டிசைன் கோப்புகளைப் பென்டிரைவில் பிரதி எடுத்தேன். அடுத்து, இணையக் குச்சியோடு வந்த செயலியைக் கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்கினேன். அதைச் செய்யாமல் டிரைவரை மட்டும் அகற்றினால், சில செயலிகள் அதை மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும். பிறகு மங்கிய ஒன்பதையும் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்தேன்.

அப்போது 'இந்தச் சாதனத்தின் டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா' என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஒவ்வொரு டிரைவரின் பிரதியையும் டிரைவர் ஸ்டோர் என்ற கிடங்கில் வைத்திருக்கிறது. பெட்டியில் குறியிடாவிட்டால் கிடங்கில் உள்ளது அப்படியே இருக்கும். அதே சாதனம் மறுபடி வந்தால் பழைய டிரைவரே எழுந்து வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறியிடவும் கூடாது. உள்ளேயே பொருத்தப்பட்ட வேறொரு சாதனம் அதே டிரைவரைப் பயன்படுத்துகிறதா என்று பார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

கடைசியாகப் புது அட்டையின் டிரைவரையும் நீக்கி, அட்டையைக் கழற்றி, கணினியை மூடித் திறந்தேன். இந்த அட்டையைச் செய்தவர்கள் தாளில் சொல்லியிருந்தது, முதலில் மென்பொருள், அப்புறம் அட்டை என்று. அந்த வரிசையிலேயே செய்தேன். அட்டை காம் 3 ஆக வந்து உட்கார்ந்தது. வேகத்தை மிஷினில் உள்ளபடி 9600 என்று வைத்து, சோதனைக்கு ஒரு சின்ன வேல் வெட்டச் சொன்னேன். பிளேடு நகர்ந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சுருளை எடுத்து மாட்டினார். தண்ணீர்ப் பந்தல் எழுத்துகள் எல்லாம் நேரத்துக்குப் போயின.

அந்த வேலை முடியும்வரை விண்டோஸ் தானாக எதையும் புதுப்பிக்காதபடி நிறுத்தி வைத்தேன். அதற்கும் காரணம் உண்டு. 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சீரியல் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. அது போலிச் சிப்புகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. நேற்றுவரை ஓடிய கேபிள் இன்று எந்தக் கணினியிலும் சாதாரணமாக அடையாளம் தெரியாமல் போனது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். டிரைவர் கணினிக்குள் மட்டுமல்ல, அட்டைக்குள்ளும் எழுதக்கூடியது என்பதை அன்று பலர் தெரிந்துகொண்டார்கள்.

ஸ்லாட்டே இல்லாத புது மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. அட்டை இன்று அடிமூடிக்குள் போய்விட்டது, எம்.2 என்ற பெயரில் ஒரு திருகாணியோடு படுத்திருக்கிறது. வேகமான வைஃபை வேண்டும் என்று பிள்ளைகள் அந்த அட்டையைத் தாங்களே மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகு டிரைவர் இல்லை என்கிறது விண்டோஸ். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். ஆகவே திருகாணியைத் தொடுவதற்கு முன்பே புது அட்டையின் டிரைவரைப் பென்டிரைவில் இறக்கி வையுங்கள். மடிக்கணினியையோ சிப்பையோ செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே நொடியில் புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் இலவசச் செயலிகளைப் பெட்டக அறைக்குள் விடாதீர்கள்.

அட்டையோடு வந்த சிடியைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அட்டை இன்னொன்று கிடைக்கும். பத்து ஆண்டு கழித்து அதன் டிரைவர் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாமா கடையில் இப்போது ஒரு கடித உறை தொங்குகிறது. உள்ளே சிடி, அதன் பிரதி கொண்ட பென்டிரைவ், நான் தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம்: எந்த எண், எந்த வேகம், எதை முதலில் செய்ய வேண்டும். போன மாதம் மாமா மகள் அதைப் பார்த்துத் தானே ஒருமுறை எல்லாவற்றையும் நீக்கி மறுபடி ஏற்றிப் பார்த்திருக்கிறாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸில் 1972 முதல் சிப் வேலை நடக்கிறது. பாலத்தைக் கடந்து அங்கே போய் வேலை செய்யும் பிள்ளைகள் இல்லாத தெரு பட்டர்வொர்த்தில் குறைவு. ஆனாலும், "பழசு, மாத்திருங்க" என்று ஒருவர் சொன்னால் நம் வீடுகளில் எதிர்க்கேள்வி எழுவதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோதும் அதே வார்த்தையைப் பல கடைகள் கேட்டன. மாற்றத்தான் வேண்டியிருக்கலாம். மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கெட்டுப்போனது இயந்திரமா, நடுவில் நின்று பேச ஆள் இல்லாமல் போனதா? இரண்டாவது என்றால், நாலாயிரம் வெள்ளி செலவழிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் பார்க்கலாம்.