அலைக்கும் முறை உண்டு

கம்பியில்லாத் தொடர்பில் ஆராய்ச்சி செய்ய வரும் மாணவர்களை நான் முதலில் அனுப்புவது எங்கள் தேனி வட்டாரத்துப் பழைய வேலை ஒன்றைப் படிக்கத்தான். 2000-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் புரூவரின் குழு, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையோடு போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி முதலிய ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை வைஃபையால் இணைத்தது. ஊரில் இருந்தபடியே நோயாளி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். மிக நீண்ட இணைப்பு 15 கி.மீ. டவர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரம்; ஓரிடத்தில் மில் புகைபோக்கியே கம்பமானது.

அவ்வளவு உயரம் எதற்கு? எதிர் டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, 15 கி.மீ. பாதையின் நடுவில் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 22 மீட்டர் ஆரமுள்ள இடம் வேண்டும். அதில் அறுபது சதவீதமாவது தென்னந்தலை படாமல் இருக்க வேண்டும்.

வைஃபை வீட்டுக்குள் புழங்கப் பிறந்தது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலை எதிர்பார்க்கும். 15 கி.மீ. போய்த் திரும்ப 100 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்து, போனதையே மறுபடி அனுப்பும். ஒரே டவரில் ஓர் ஆன்டெனா பேசினால் பக்கத்து ஆன்டெனாவுக்குக் காது அடைத்துவிடும். அந்தக் குழு 2007-இல் வெளியிட்ட 'வைல்ட்நெட்', வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல நேரத்தைப் பங்கு போட்டது. பதில்களையும் மொத்தமாக அனுப்பியது. வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2008-இல் அவர்கள் எழுதிய கட்டுரை. தொல்லையின் பெரும்பகுதி கரண்டில் இருந்தது என்கிறது அது. எகிறும் வோல்டேஜில் கருவி கருகும். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெடும். பழுது எங்கே என்று மையத்து ஊழியரே கண்டுபிடிக்க வழி செய்யாவிட்டால், ஆராய்ச்சியாளர் ஊர் திரும்பியதும் வலையும் படுத்துவிடும்.

போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டத்து மண் ஈரத்தை அளந்து அனுப்புவதற்கும், இடத்துக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும் என்ற இதே பாடம்தான். நிழல் மரங்களின் நனைந்த இலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும். உரிமமின்றிப் பயன்படுத்த இங்கே அனுமதியுள்ள 865–868 மெகாஹெர்ட்ஸ் அலை இலைகளுக்குள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வேகம் குறைவு, ஆனால் ஈரத்தின் அளவைச் சொல்லச் சில பைட்டுகளே போதும்.

ஆறாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பு பற்றிக் கனவோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று: எர்த் போட்டாயா, ஆடி மழையில் அளந்தாயா, பழுதானால் தோட்டத்து ஆளே சரிசெய்ய முடியுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால், எத்தனையாவது தலைமுறையானாலும் சரிவில் நிற்கும்.