குளிர் முடிக்காத வேலை

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில், கடலுக்குள் கால் நீட்டியதுபோல் கிடக்கும் மாநிலம் ஃபுளோரிடா. இளவெயிலுக்குப் பெயர் பெற்ற அம்மண்ணிலும் சில ஆண்டுகளில் வடதிசைக் குளிர்காற்று திடீரென இறங்கிவிடுகிறது. அத்தகைய இரவு விடியும்போது மரத்தடிகளில் இகுவானாக்கள் விறைத்துக் கிடக்கும். நம் உடும்பை நினைவூட்டும் பச்சை நிறப் பெரும்பல்லிகள் அவை. 2020 ஜனவரியில், மரங்களிலிருந்து இகுவானாக்கள் விழக்கூடும் என்றே மயாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரித்தது.

ஊர்வன தம் உடற்சூட்டை வெயிலிடமிருந்தே பெறுகின்றன. வெப்பம் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இகுவானாவின் உடல் மரத்துப்போகிறது. கிளையைப் பற்றிய பிடி தளர்கிறது. எனினும் விழுந்தவை எல்லாம் இறந்தவை அல்ல. வெயில் ஏறியதும் பல எழுந்து நடந்துவிடும். இரக்கப்பட்டு வீட்டுக்குள் எடுத்துச் சென்றால், சூடேறியதும் அவை கடிக்கவும் வாலால் அடிக்கவும் கூடும்.

இவை அம்மண்ணுக்கு உரியவை அல்ல. இகுவானா மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பரவியுள்ள பர்மிய மலைப்பாம்போ நம் ஆசியாவுக்குரியது. செல்லப்பிராணி வணிகத்தில் வந்திறங்கியவை, தப்பியும் கைவிடப்பட்டும் காட்டில் பெருகின. மலைப்பாம்பு நெடுநாள் குடிகொண்ட பகுதிகளில் ரக்கூன் எனும் சிறுவிலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2012இல் வெளியான ஆய்வு கூறியது.

குளிரே இவற்றை ஒழித்துவிடாதா? 2010 ஜனவரியில் அந்நம்பிக்கை பிறந்தது. ஆய்வாளர்கள் வானொலிக் கருவி பொருத்திக் கண்காணித்த 10 மலைப்பாம்புகளில் 9 மடிந்தன. ஆனால் காட்டில் தக்க புகலிடம் கண்டவை பிழைத்தன; மீண்டும் பெருகின. 2020 குளிருக்குப்பின் மயாமியில் சோதிக்கப்பட்ட பல்லியினங்களோ, முன்பைவிடக் கடுமையான குளிரை, ஏறத்தாழ 5.5 பாகை வரை, தாங்கின. குளிர் கூட்டத்தைக் குறைத்தது. எஞ்சியதோ குளிருக்கு அஞ்சாத கூட்டம்.

எனவே மனிதனே களத்தில் இறங்க நேர்ந்தது. 2017 ஜனவரியில் நம் தமிழகத்தின் இருளர் இனப் பாம்புபிடி வல்லுநர் இருவர் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். இரு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர்.

அன்பு வாசகர்களே! அழகென்று விலைக்கு வாங்கி, வளர்ந்தபின் பாரமென்று கைவிட்ட உயிர்கள் ஒரு காட்டையே வெறுமையாக்கியிருக்கின்றன. நம் பிள்ளைகள் ஓர் உயிரை வளர்க்க ஆசைப்பட்டால், அது எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு வாழும் என்பதை முதலில் விசாரியுங்கள். வாயில்லா உயிரும் நம் கைக்கு வந்தபின் ஓர் அமானிதமே. அதைத் தெருவில் விடுவது விடுதலை ஆகாது.