தானமாய் வந்த விறாந்தை

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பர் நம் முன்னோர். நானும் நெடுங்காலம் அதனை நம்பியிருந்தேன். ஒரு கோப்பைத் தேநீர் அந்நம்பிக்கையைக் கலைத்துவிட்டது.

பிள்ளைகள் யாவரும் கடல்கடந்து சென்றுவிட, தனித்து வாழும் முதியோர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பலர். எங்கள் ஊரிலும் அப்படியே. அவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கவும், வைத்தியசாலைக்குத் துணை செல்லவும் நாங்கள் எழுவர் சேர்ந்து சிறு குழுவொன்றை அமைத்தோம். சனிக்கிழமை தோறும் கூடி, அடுத்த வாரம் யார் யாரைப் பார்ப்பது என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கையில் பணமில்லை, ஆகவே வாடகையில்லாத இடம் வேண்டும்.

பாடசாலை அதிபர் அன்பாகவே பேசினார். ஆயினும் மேலிடத்து அனுமதி வேண்டுமென்றார். கோயில் மடத்திற்கு வர எங்களுள் கிறிஸ்தவர்களான இருவர் கூச்சப்பட்டனர். வேப்பமர நிழலில் கூடினோம். மாரி மழை வந்து கலைத்தது. ஊர் வாசிகசாலையும் இருந்தது. ஆனால் அதன் ஒழுகும் கூரையைக் கண்டு வேண்டாமென்றவன் நானே.

அவ்வேளையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டு விறாந்தையைத் தாமாகவே தந்தார். அகன்ற விறாந்தை, நல்ல கதிரைகள், மின்விசிறி. ஒரு சதமும் வேண்டாமென்றார். முதல் நாளே தேநீரும் வந்தது: ஆறு பீங்கான் கோப்பைகள், ஒரு கடதாசிக் கோப்பை. அந்தக் கடதாசிக் கோப்பை, சீவல் தொழிலாளி ஒருவரின் மகனான எங்கள் இளைஞரின் கையில் கொடுக்கப்பட்டது.

நான் கண்டேன். கோப்பை போதவில்லைப் போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு என் தேநீரைக் குடித்தேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. வீடு தேடிச் சென்று கேட்டேன்.

"வேலை கிடந்தது, மாஸ்ரர். நான் பார்க்கிற ஆச்சியைக் கைவிடமாட்டன். கூட்டத்துக்கு மட்டும் வரேல்லை."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோபித்திருந்தாலாவது என் மனம் சற்று ஆறியிருக்கும்.

சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டில் 1957ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் கடைவாசல் வரை வரும். வீட்டு விறாந்தைக்கு வராது. அங்கே பேச வேண்டியவன் நான். பேசாதிருந்தேன்.

மறுநாள் பெரியவரிடம் சென்று நன்றி கூறி விடைபெற்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

வீடு பொது இடமாகாது என்பதன்று. 1933இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் அதுவே. இடத்தைத் திறந்தால் மட்டும் போதாது. மனத்தையும் திறக்க வேண்டும்.

ஈற்றில் வாசிகசாலைக்கே சென்றோம். வாரந்தோறும் கூட்டிப் பெருக்கி, பழைய பத்திரிகைகளை அடுக்கிக் கட்டிவைக்க வேண்டும். அதுவே வாடகை என்றனர் நிர்வாகத்தினர். உடைந்த ஓடுகளைச் சிரமதானமாக நாங்களே மாற்றினோம். கூரைமேல் ஏறி நின்றவர் அந்த இளைஞர். கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்தவன் நான்.

அங்கே தேநீர் இல்லை. மூலையில் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு செம்பு. வேலை முடிந்ததும் அவர் தண்ணீர் குடித்துவிட்டு, செம்பை மீண்டும் நிரப்பி என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் சங்கம் அமைப்பீர்கள், இடம் தேடுவீர்கள். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள். நம்முள் யாருக்கு அங்கே வர மனம் கூசும் என்றும் கேளுங்கள். தானமாய் வந்த மாடாயினும், சில வேளை பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்.