செவர்லே லாரியும் நமது கணக்குப் புத்தகமும்

பழைய பெட்ரோல் லாரி ஒன்றைச் சீர்செய்ய முனைகிறவர்களின் கை முதலில் எங்கே செல்கிறது என்பதை நாம் அறுபது ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். கார்புரேட்டருக்குத்தான் செல்லும். அது கண்ணெதிரே இருக்கிறது. அதில் ஒரு திருகு இருக்கிறது. திருகினால் உடனே சத்தம் மாறுகிறது. ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவும் உண்டாகிறது. சென்ற மாதம் நமது பேரர், தென்னந்தோப்புக் கொட்டகையில் நெடுங்காலமாக நிற்கும் செவர்லே லாரியின் முகமூடியைத் தூக்கி நிறுத்தியதும் அதையேதான் செய்யப் போனார். திருப்புளியை நாம் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். ஏன் வாங்கினோம் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க வேண்டுமானால் 1964ஆம் ஆண்டின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

லாரியை வாங்கியவர்கள் நமது வாப்பா அவர்கள். 1946ஆம் ஆண்டு வண்டி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாயில் தொழிற்சாலை வைத்துச் செவர்லே வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த காலம் அது. ஆறு சிலிண்டர், 216 கன அங்குல எஞ்சின், 6 வோல்ட் பேட்டரி. ஆறுமுகநேரி அளத்து உப்பை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறிப் புனலூருக்குச் செல்லும். திரும்பும்போது மரம் வரும். சமதரையில் அது சாதுவான வண்டி. புளியரை வளைவுகளில்தான் அதன் குணம் தெரியும்.

அதை ஓட்டியவரை ஊரில் எல்லாரும் ‘டிரைவர் காக்கா’ என்றே அழைத்தனர். மேலப்பாளையத்துக்காரர். நமக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்த நம்மிடம் வாப்பா அவர்கள் கணக்குப் புத்தகத்தை ஒப்படைத்திருந்தார்கள். டீசல் லாரிகள் பெருகி, பெட்ரோல் வண்டிக்காரர்களின் இலாபத்தை அரித்துக்கொண்டிருந்த நேரம். சிக்கனம் செய்யவேண்டும் என்ற வேகம் நமக்கு. காலனுக்குப் பத்து மைல் கொடுத்துவந்த வண்டி, சாரல் மாதங்களுக்குப் பிறகு எட்டுக்கு இறங்கியது, பின்பு ஏழு. ஒவ்வொரு நடைக்கும் நாம் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். கணக்கு ஒன்றைத்தான் சொல்வதாக நமக்குத் தோன்றியது: பெட்ரோல் வழியில் எங்கேயோ இறங்குகிறது.

ஒரு மாலை பெட்ரோல் பங்கில், மூன்று பேர் நிற்கும்போது, அதை டிரைவர் காக்காவின் முகத்துக்கு நேரே கேட்டோம். “எத்தனை காலன் விற்றீர்கள்?” என்று. அவர் விடை கூறவில்லை. சாவியைப் பானட்டின் மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்துவிட்டார். வாப்பா அவர்கள் செய்தி கேட்டு அன்றிரவு சாப்பிடவில்லை. நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

புதிய ஓட்டுநர் வந்தார். காலனுக்கு ஆறரை மைல்.

அப்போதாவது நமக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, இவரும் அப்படித்தான் என்று எண்ணினோம்! பெட்ரோலைக் குறைக்க நாமே கார்புரேட்டர் திருகை இறுக்கிவிட்டு, நம்பிக்கையற்றவராய் வண்டியில் கூடவே ஏறிக்கொண்டோம். புளியரையைத் தாண்டவில்லை. ரேடியேட்டர் கொதித்தது. கார்புரேட்டர் வாய்வழியே பட்பட்டென்று வெடித்தது. பானட்டைத் திறந்தால் புகைபோக்கிக் குழாயின் அடி செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. உப்பு மூட்டைகளோடு பின்னுக்கு உருண்டு வந்து, செங்கோட்டையில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம்.

அந்தப் பட்டறையின் மேஸ்திரி முதியவர். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். கார்புரேட்டரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருக்கும் ராட்டரை இரண்டு விரலால் பிடித்து, அது சுற்றும் திசையில் திருகிப் பார்த்தார். நல்ல நிலையில் அது சிறிது நகர்ந்து, விட்டவுடன் வில்போலத் தன் இடத்துக்குத் துள்ளித் திரும்ப வேண்டும். அது அசையவே இல்லை. “எடை பிடிச்சுபோச்சு” என்றார்.

இதன் உட்பொருளைச் சொல்லிவிடுகிறோம். வண்டி ஓட்டாத வாசகர்களும் அறிந்துகொள்ளலாம். சிலிண்டருக்குள் தீப்பொறி விழுந்தவுடன் பெட்ரோல் ஆவி முழுவதும் ஒரே நொடியில் எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் பிடிக்கும். எனவே பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே பொறி விழவேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. 2,400 சுற்றுச் சுற்றினால் நாற்பதில் ஒரு பங்குதான். தீ அந்த அளவுக்கு வேகம் கூட்டிக்கொள்வதில்லை. ஆகவே எஞ்சின் விரைய விரைய, பொறி இன்னும் முன்னதாக விழவேண்டும். அதற்காக டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இரண்டு சிறு எடைகளைக் கம்பிச் சுருளில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வேகத்தில் அவை வெளியே விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளும். நமது வண்டியில் சாரலின் ஈரத்தில் அவை துருப்பிடித்து இறுகிவிட்டன. பொறி பிந்தியது. தீ பிஸ்டனைத் தள்ளவேண்டிய நேரத்தில் தள்ளாமல் குழாய்வழி வெளியேறிற்று. வலுக் குறைந்ததால் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மேலும் மிதித்தார். மிதித்த அளவுக்குப் பெட்ரோல் இறங்கியது. நாமோ திருகை இறுக்கிக் காற்றை மிகுதியாக்கினோம். பெட்ரோல் குறைந்த கலவை இன்னும் மெதுவாக எரியும். பிந்திய பொறியோடு மெதுவான தீயும் சேர்ந்தால் என்ன ஆகும்?

எடைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து விடுவிக்க மேஸ்திரிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் அவர் கேட்டார்: “இந்தத் திரிக்கு எண்ணெய் விடுற பழக்கமில்லையோ?” ராட்டருக்கு அடியில் ஒரு திரி உண்டு, நடைக்கு நடை இரண்டு மூன்று சொட்டு மெல்லிய எண்ணெய் அதில் விழவேண்டும். டிரைவர் காக்கா அதற்காக மாதம் ஒரு சிறு குப்பி எண்ணெய் எழுதிக் கேட்பார். நாற்பது காசு. சிக்கனத்தின் பெயரால் அதை அடித்துவிட்டது நமது பேனா.

ஊர் திரும்பிக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினோம். சாரல் மாதத்து நடையொன்றில், வரவு செலவுக்குக் கீழே, நமது கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: ‘ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லையாம்.’ டிரைவர் காக்கா சொன்னதை எழுதியவர் நாமே. ஒருமுறையல்ல, அடுத்த நடையிலும் இருந்தது.

இதைக் கேட்டபின் பேரர் மூடியைக் கழற்றி ராட்டரைத் திருகிப் பார்த்தார். துள்ளியது. பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். முதலில் பிளாட்டின முனைகளின் இடைவெளி. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினெட்டுப் பங்கு. இதை முதலில் சரிசெய்யாமல் டைமிங் வைப்பது வீண். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும். பொறி விழும் வரிசை 1-5-3-6-2-4. ஒயர்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்த்தோம். இந்தச் செவர்லேயில் ஓர் அழகு உண்டு. பிளைவீலில் ஓர் எஃகுக் குண்டைப் பதித்து, அதைக் காண ஒரு சிறு சாளரமும் அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைமிங் விளக்கைச் சாளரத்தில் பிடித்தால், சுழலும் குண்டு நின்றுவிட்டதுபோல் தெரியும். டிஸ்ட்ரிப்யூட்டரை மெல்லத் திருப்பி, குண்டைக் குறிமுள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். அந்நாளில் விளக்கு ஏது? பிளாட்டின முனைகளுக்கிடையே ஒரு சிகரெட் தாளை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றுவார்கள். தாள் இளகும் கணமே பொறி விழும் கணம். அதன்பின் சுமையோடு சாலையில் ஓட்டி, மேல் கியரில் திடீரென மிதித்துப் பார்ப்பார்கள். மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி எழுந்து உடனே அடங்கினால் சரி. அடங்காமல் தொடர்ந்தால் பொறி முந்திவிட்டது. ஒலியே இல்லாமல் வண்டி சோம்பினால் பிந்திவிட்டது. டிரைவர் காக்கா இதைக் காதாலேயே வைப்பார்.

கடைசியில்தான் திருப்புளியைப் பேரரிடம் கொடுத்தோம். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஐடில் திருகை எஞ்சின் தள்ளாடும்வரை உள்ளே இறக்கி, பிறகு தடுமாற்றம் தீர்ந்து ஓட்டம் சீராகும்வரை வெளியே எடுத்து, மேலும் எடுத்தால் எங்கே புரளத் தொடங்குகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். பழைய அளவில் அது நிற்கவில்லை; சற்றுக் கூடுதலாகவே திறக்க வேண்டியிருந்தது. காரணம் இன்றைய பெட்ரோல். அதில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கிறார்கள். ஒரு பங்கு தனிப் பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய துளைகளின் வழியே அதே அளவு நீர்மம் இறங்கினால் கலவையில் காற்று மிகுந்துவிடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் இளக்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றினோம்.

மேலப்பாளையத்துக்கு நாம் சென்றது 1964 இறுதியில். சலாம் கூறி உள்ளே அழைத்தார் டிரைவர் காக்கா. தறிச் சத்தத்துக்கிடையே நாம் மன்னிப்புக் கேட்டபோது, அவர் முதலில் கேட்டது, “வண்டிக்கு என்ன தம்பி?” என்றுதான். சொன்னோம். “ராட்டருக்கு அடியிலா?” என்றார். நெடுநேரம் பேசாதிருந்தார். “எனக்கும் அது தோணலையே. நான் எண்ணெய் கேட்டதோடு நிறுத்திட்டேன்” என்றார். பொறுத்துக்கொண்டதாகச் சொன்னார். திரும்பி வருமாறு வாப்பா அவர்கள் சொல்லி அனுப்பியதை அவர் ஏற்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “பங்கில மூணு பேர் நின்னாங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க தம்பி.”

இருவரிடம் அந்த வாரமே சொன்னோம். மூன்றாமவர் வாப்பாவின் வயதொத்தவர், பெரிய கடைக்காரர். அவர் முன் நின்று நமது அறிவீனத்தைச் சொல்ல நாவெழவில்லை. நாளை, மறுநாள் என்று தள்ளினோம். அவர் கொழும்புக்குப் போய்விட்டார். அங்கேயே அடக்கமும் ஆனார். டிரைவர் காக்கா 1981இல் மறைந்தார்.

மூன்றாமவருடைய மக்கள் இந்த இதழின் வாசகர்கள் என்று அறிகிறோம். அவர்களுக்குச் சொல்கிறோம். உங்கள் வாப்பாவின் காதில் அன்று பங்கில் விழுந்த சொல் உண்மையல்ல. டிரைவர் காக்கா நமது வண்டியிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோலும் எடுக்கவில்லை.